எல்லப்பனின் குடித்தனக்காரர்கள்

அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் ஆல்வின். விரலில் அரிசி பட்டது. இன்னும் கொஞ்சம் அரிசி பட்டது. அடியில் செத்த வண்டு ஒன்று பட்டது. தேடியது மட்டும் படவில்லை.

“இன்னாடா பண்ற அங்க?”

வாசற்படியை அடைத்துக்கொண்டு அத்தை முனியம்மாள் நின்றாள். செத்துப்போன எல்லப்பனுக்கு உடன்பிறந்த அக்கா. விடிந்ததிலிருந்து ஒப்பாரி வைத்ததில் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் அவளுடைய கட்டின தொண்டை, மற்றவர்களின் நல்ல தொண்டையைவிட ஒரு தெரு அதிகமாகவே கேட்கும்.

“ஒண்ணுல்ல அத்த. அரிசி எவ்ளோ கீதுன்னு பாத்தேன்.”

“பொணத்த வாசல்ல போட்டுட்டு அரிசி அளக்கறியா? சாவு வூட்ல அடுப்பு பத்த வெக்கக்கூடாதுன்னு உங்க காலேஜ்ல சொல்லித் தர்லியா? உங்கப்பன வெளிய பொட்டில வெச்சிட்டு டிரம்முல இன்னாத்த தேடற? அவன் அங்க இல்ல. வா இப்டி.”

வந்தான். வருகிற வழியில் சாமி படங்களுக்குப் பின்னாலும் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். அந்த வீட்டுச் சுவரில் இயேசுவும் எல்லையம்மனும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கினார்கள். இயேசு அம்மா பாக்கியமேரியோடு வந்தவர். எல்லையம்மன் அப்பாவோடு வந்தது. இருவருக்கும் பின்னால் ஒட்டடை இருந்தது.

அவன் தேடியது ஒரு மாத்திரை அட்டை. பாதி சிவப்பு, பாதி மஞ்சள் நிறக் கேப்சூல்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடையில் அவனே வாங்கி, அவனே அப்பா கையில் கொடுத்தது. அந்த அட்டை காலியாகக் கிடைத்தால் அவன் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. நிறைந்து கிடைத்தால் அப்பனைக் கொன்ற பிள்ளை. நடுவில் வேறு பதவி எதுவும் காலி இல்லை.

வாசலில் சாமியானாவின் கீழ் ஐஸ் பெட்டிக்குள் எல்லப்பன் படுத்திருந்தார். தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணி கட்டியிருந்ததால், பல்வலிக்காரர் போல இருந்தார். இடது கால் மட்டும் துணிக்கு மேல் உப்பித் தெரிந்தது. நேற்று சாயங்காலம் செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், சாலவாக்கம் தாண்டியதும், ஆம்புலன்ஸில் மூச்சு நின்றது. காலில் பட்ட காயத்தின் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, சர்க்கரை வேறு இருந்திருக்கிறது என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர். ஒரு வாரமாக மருந்து எதுவும் சாப்பிடவில்லையா என்றும் கேட்டார். “சாப்ட்டாரு சார்” என்று ஆல்வின் சொன்னான். சொல்லும்போதே நாக்கு உலர்ந்தது. அந்த நாக்கு இன்னும் ஈரமாகவில்லை.

எல்லப்பனோடு ஒன்றாக நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சேட்டு, துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காயத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வரப்புல எவனோ குடிச்சிட்டு பாட்டில ஒடச்சிப் போட்டுட்டுப் போயிக்கிறான். இம்மாத்தூண்டு கண்ணாடி. நாந்தான் புடுங்கினேன்.”

காலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்த கண்ணாடி, பத்து மணி பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சொல்லும்போது கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. யாரும் குறுக்கே கேட்கவில்லை. சாவு வீட்டில் கண்ணாடி வளர்வது சகஜம்தான்.

ஆல்வினுக்கு அந்தக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. அவனுடைய பயம் வேறு இடத்தில் ஆரம்பித்தது. சமுதாயக் கூடத்தில், பிஸ்கட் தட்டுகளுக்கு முன்னால்.

மனிதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அவனோடு எப்படிக் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன என்று மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து டாக்டர் கிர்ஸ்டன். ஜப்பானிலிருந்து ஒருவர், போனில் மட்டும் வருவார். சென்னையிலிருந்து புரொபசர் பஞ்சாட்சரம். கூழும் பழையதும் சாப்பிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவர்களின் வயிறு அவர்களுக்குத் தேவைப்பட்டது. உத்திரமேரூர் ஏரியை ஒட்டிய அந்தக் காலனியில் அப்படிப்பட்ட வயிறுகள் தாராளமாக இருந்தன. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த ஆல்வினும் இருந்தான். கள உதவியாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டினார்கள். காலையில் வீடு வீடாக டப்பா கொடுத்து, அவர்கள் கொல்லைக்குப் போய் வந்ததும் டப்பாவைத் திரும்ப வாங்கி, ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். ஊரில் அவனுக்கு டப்பா ஆல்வின் என்று பேர் வந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலில் விமானம் ஏறியது எல்லப்பனின் மலம்தான். எல்லப்பன் காஞ்சிபுரத்தைத் தாண்டியதில்லை.

முதல் கூட்டத்தில் கிர்ஸ்டன் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். ஆல்வின் அதைச் சுருக்கித் தமிழில் சொன்னான்.

“நம்ம வயிறுன்றது ஒரு வூடு. நீங்க வூட்டுக்காரங்க. உள்ள கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்குல குடித்தனக்காரங்க கீறாங்க. நீங்க துன்றதுல உங்களுக்குச் செரிக்காதத அவங்க செரிச்சிக் குடுக்கறாங்க. அதான் வாடகை.”

முதல் வரிசையில் இருந்த எல்லப்பன் கை தூக்கினார். “இத்தினி வருஷமா அட்வான்ஸ் வாங்காம வுட்டுட்டனேடா.”

கூடம் சிரித்தது. ஆனால் எல்லப்பன் விளையாட்டுக்குக் கேட்டதாக ஆல்வினுக்குத் தோன்றவில்லை. அவர் ஆயுசில் ஒரு சென்ட் நிலம் அவர் பேரில் இருந்ததில்லை. ஏரிப் புறம்போக்கில் கட்டிய வீட்டையும் ஒருநாள் காலையில் ஜேசிபி வந்து இடித்துப்போட்டது. பாக்கியமேரி அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். இப்போது இருப்பது அதற்குப் பிறகு ஷீட் போட்டு எழுப்பியது. இதற்கும் பட்டா இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு, அறுபதை நெருங்கும் வயதில், தான் ஒரு வீட்டுச் சொந்தக்காரன் என்று தெரியவந்தது. அன்றிலிருந்து மிளகாய்க் காரம் தின்னுமுன் வயிற்றைத் தடவி, “தம்பிங்களா, காரம் வருது, ஓரமா ஒதுங்குங்க” என்பார். டென்மார்க்கில் செய்த சோதனையில் அவர் வயிற்றில் மட்டும் வேறு யாரிடமும் கிடைக்காத ஒரு வகை இருக்கிறது என்று சேதி வந்த அன்று, டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

அதே முதல் கூட்டத்தில், டீ வருவதற்குச் சற்று முன்னால்தான், ஆல்வின் அந்த உதாரணத்தைச் சொன்னான்.

“ஆன்டிபயாடிக் மாத்திரைன்றது ஜேசிபி மாதிரி. கெட்டவன இடிக்கத்தான் வரும். ஆனா நல்லவன் கெட்டவன் பாக்காது. பட்டா கீதா, ரேஷன் கார்டு கீதான்னு கேக்காது. ஒரே நாள்ல எல்லாம் தரைமட்டம்.”

கூடம் கப்சிப்பென்று ஆனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இடிபட்டவர்கள். பஞ்சாட்சரம் அவன் தோளில் தட்டி “எக்ஸலண்ட்” என்றார். கிர்ஸ்டனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் மகிழ்ந்துபோனார். டென்மார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் மஞ்சள் ஜேசிபியின் படத்தைத் திரையில் போட்டதாகப் பிறகு சொன்னார்.

கிர்ஸ்டன் அதோடு நிறுத்தவில்லை. உடம்புக்கு வந்தால் டாக்டர் கொடுக்கிற மாத்திரையைக் கட்டாயம் சாப்பிடுங்கள், உங்கள் உயிர்தான் முக்கியம், எங்களுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதையும் ஆல்வின் தமிழில் சொன்னானா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் அவன் குரல் கேட்கவில்லை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஒருமுறை இருமி நின்று, மறுபடி ஓடியது. ஆல்வின் திடுக்கிட்டு எழுந்து நின்றான். அம்மா பெட்டியின் தலைமாட்டில் கண்ணாடியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவுமில்லை, யாரோடும் பேசவுமில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள் போல அந்த உப்பிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று ஆல்வின் பந்தல் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

அவனுக்குப் பெட்டிக்குள் பார்க்கவும் பயமாக இருந்தது. மற்றவர்களுக்கு உள்ளே ஓர் எல்லப்பன்தான் தெரிந்தார். இவன் படித்தவன். இதயம் நின்றாலும் குடித்தனக்காரர்களுக்குச் சேதி உடனே போவதில்லை என்பது இவனுக்குத் தெரியும். மேலிருந்து சாப்பாடு வரவில்லையே என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். பிறகு வீட்டுக்காரன் இல்லை என்று புரிந்துகொள்வார்கள். அதன் பிறகு சுவரைத் தின்ன ஆரம்பிப்பார்கள். பரீட்சையில் இதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தான். பெட்டியின் குளிர் அவர்களைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். அவ்வளவுதான். அப்பாவின் வயிற்றிலிருந்து ‘களுக்’கென்று ஒரு சத்தம் வந்தது போலிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. சத்தம் தன் வயிற்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நேற்றிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை.

“பாய், தலகாணி, துணிமணி எல்லாத்தையும் எடுத்தாங்கடி,” என்று முனியம்மாள் சத்தம் போட்டாள். “அவன் பொருள் ஒண்ணு கூட வூட்ல தங்கக்கூடாது. எல்லாம் அவனோட போவணும்.”

ஆல்வின் வீட்டுக்குள் ஓடினான். அதற்குள் பெண்கள் எல்லப்பனின் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுவந்திருந்தார்கள். முனியம்மாள் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினாள். ஒரு சட்டையிலிருந்து பீடிக் கட்டு விழுந்தது. ஒன்றிலிருந்து பஸ் டிக்கெட் விழுந்தது. தலையணையை எடுத்து, உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். ஏதோ ஒன்று பளபளவென்று தரையில் விழுந்து சறுக்கியது. ஆல்வின் பாய்ந்து அதன்மேல் காலை வைத்தான்.

“இன்னாடா அது?”

“ஒண்ணுல்ல அத்த.”

“காலத் தூக்கு.”

தூக்கினான். டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் கொண்டுவந்து கொடுத்த சாக்லேட்டின் ஜிகினாத் தாள். எல்லப்பன் அதை நீவி நீவி மடித்து வைத்திருந்தார்.

முனியம்மாள் குனிந்து அதை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“இத்தக் குடுத்துதான மயக்கினாங்க என் தம்பிய,” என்றாள். “டப்பா டப்பாவா எடுத்துக்கினு போனாங்களே. உள்ள இருந்ததயெல்லாம் வழிச்சி எடுத்துக்கினு போயிட்டா மனுஷன் எப்டி நிப்பான்? உள்ள ஆள் இல்லாத வூடு ஒட்டட படிஞ்சி இடிஞ்சி வுழாதா?”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சேட்டு கண்ணாடியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். “எனக்கும் அதாம்மா டவுட்டு. இம்மாத்தூண்டு கண்ணாடிக்கு எவனாவது சாவானா?” என்றார். கண்ணாடி மறுபடி நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. “அவங்க வரட்டும். வண்டிய மறிச்சி நாலு கேள்வி கேக்கறேன்.”

அவர் வாய் மூடுவதற்குள் தெருமுனையில் வெள்ளைக் கார் திரும்பியது.

பஞ்சாட்சரம் பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னால் கிர்ஸ்டன். எங்கோ கடையில் அவசரமாக வாங்கிய வெள்ளைச் சுடிதார் அவருக்கு முழங்கால்வரைதான் எட்டியது. நாலு கேள்வி கேட்கப் போன சேட்டு, கிர்ஸ்டனின் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டு நின்றார். கிர்ஸ்டன் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், மூக்கு சிவந்து, கண்ணீரைத் துடைக்காமல். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு வெள்ளைக்காரி அழுவதைப் பார்த்தார்கள். ஒருத்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

முனியம்மாள் மட்டும் அசரவில்லை. ஐஸ் பெட்டிக்கும் கிர்ஸ்டனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“டேய் ஆல்வினு. நான் சொல்றத அப்டியே இங்கிலீஷ்ல சொல்லு. என் தம்பி கிட்ட எடுத்துக்கினு போனத திருப்பிக் குடுக்கச் சொல்லு.”

“அத்த...”

“நம்ம தெரு பெருமாளுக்கு கதிரடிக்கிற மிஷின்ல வெரல் போச்சே, அந்த வெரலப் பொதச்சி அடையாளம் வெச்சி, அவன் செத்தப்ப தோண்டி எடுத்து அவனோடவே வெச்சாங்களா இல்லியா? மனுஷன் முழுசா போவணும். கொற ஒடம்பா நான் என் தம்பிய அனுப்ப மாட்டேன். கேளுடா.”

ஆல்வின் கேட்டான். ஆங்கிலத்தில் கேட்டபோது அது இன்னும் பயங்கரமாக ஒலித்தது. பஞ்சாட்சரம் வேறு பக்கம் பார்த்தார். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

“இன்னா சொல்லுது?”

“இப்போ கொண்டாற முடியாதாம். அதுங்க அவங்க நாட்லயும் ஜப்பான்லயும் பெரிய ஐஸ் பொட்டில கீதாம். ஒண்ணு கூடச் சாகலியாம். கடேசி வரைக்கும் பத்ரமா பாத்துக்கறாங்களாம்.”

முனியம்மாள் தம்பியின் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். “அங்கயும் ஐஸ் பொட்டியா?”

“ஆமா அத்த.”

“அதுல உசுரோட கீதா?”

“ஆமா.”

“இதுல செத்து. அதுல உசுரோட.” முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். “வூட்டுக்காரன் பூட்டான்னு அதுங்களுக்கு யாருனா சொன்னீங்களா?”

ஆல்வின் அதை மொழிபெயர்க்கவில்லை. முனியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். கிர்ஸ்டன் முன்னால் வந்து, பெட்டியின்மேல் மாலையை வைத்து, பாக்கியமேரியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

பஞ்சாட்சரம் ஆல்வினின் தோளில் கைபோட்டு அவனைக் கார் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே எண்ணம் இருந்தது.

“மனசத் தளர விடாதப்பா. நாலு நாள் முன்னாடி நீ அனுப்பின சாம்பிள் இருக்கே, நேத்துதான் பார்த்தேன். அவ்வளவு அழகா வளர்ந்திருக்கு. ஒரு குறையும் இல்ல. கடைசி வரைக்கும் உங்கப்பா வயிறு அவ்வளவு ஆரோக்கியமா இருந்திருக்கு.”

காயம் பட்டதை ஆல்வின் இவர்களிடம் சொல்லவே இல்லை. சொன்னால் எல்லப்பனை ஆய்விலிருந்து கழற்றிவிடுவார்கள். கழற்றிவிட்டால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். இந்த ஒரு டப்பா போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் அனுப்பினான்.

“கால்ல காயம்னு அங்க ஒருத்தர் சொல்றாரே,” என்றார் பஞ்சாட்சரம். “எப்ப பட்டது? மருந்து எதுவும் எடுத்துக்கலயா?”

“எடுத்துக்கினாரு சார். கேப்சூல். நாந்தான் வாங்கியாந்தேன்.”

“அந்த டப்பாவுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான் சார்.”

பஞ்சாட்சரத்தின் கை அவன் தோளிலேயே இருந்தது. ஆனால் தட்டுவது நின்றுவிட்டது. அந்தக் கேப்சூலை விழுங்கியவன் வயிற்றில் அவ்வளவு அழகாக எதுவும் வளராது. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“சரிப்பா,” என்றார். கையை எடுத்துக்கொண்டார். “மேல ஆக வேண்டியதப் பாரு.”

இனி அட்டை காலியாகக் கிடைக்க வழியில்லை. ஆல்வினுக்கு மாத்திரை வாங்கிவந்த அன்று சாயங்காலம் கண்முன் வந்தது. அவன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எல்லப்பன் அட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, “இது அந்த ஜேசிபியாடா?” என்று கேட்டார். “ஆமா நைனா, போட்டுக்கோ” என்று அவன் நிமிராமலே சொன்னான். “அப்ப நம்ம சனம்?” என்றார். அதற்கு இவன் சிரித்தான். பிறகு அவர் உள்ளங்கையை வாயில் தட்டி, தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் குடித்ததை ஓரக்கண்ணால் பார்த்தான். வாயைத் திறந்து காட்டு என்று யார் அப்பனிடம் கேட்பார்கள்?

அப்படியானால் நிறைந்த அட்டை ஒன்று இந்த வீட்டில் எங்கேயோ இருக்கிறது. யார் கையில் கிடைக்கும்? சேட்டு கையில் கிடைத்தால் கார் கண்ணாடி உடையும். முனியம்மாள் கையில் கிடைத்தால் ஊருக்கே கேட்கும். அம்மா கையில் கிடைத்தால்? அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

மதியத்துக்கு மேல் எடுத்தார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஜெபம் முடியும்வரை தப்பட்டைக்காரர்கள் பொறுமையாக வைக்கோல் எரித்துத் தப்பட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆமென் சொன்ன அடுத்த நொடி அடி விழுந்தது. எல்லப்பன் எந்தப் பக்கமும் மனஸ்தாபம் வைக்காமல் கிளம்பினார். தெருவெல்லாம் சாமந்தியை இறைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போனார்கள். கிர்ஸ்டன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து வந்தார். பெண்களோடு நின்றுவிட்டார்.

குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. ஏரிக்கரை மண், ஈரமாக இருந்தது. ஆல்வின் முதல் பிடி மண்ணைக் கையில் எடுத்தபோது, ஒரு பிடி மண்ணில் இத்தனை கோடி நுண்ணுயிர்கள் என்று படித்தது ஞாபகம் வந்தது. அவர்கள் ஒரு பக்கம், உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கம். நடுவில் எல்லப்பன்.

“போடுடா. இன்னா பாத்துக்கினு நிக்கற?” என்றார் சேட்டு.

போட்டான். பாதி மண் தன் காலிலேயே விழுந்தது. பாயையும் தலையணையையும் துணிகளையும் பக்கத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். எரிகிற குவியலை அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வருகிறதா என்று மூக்கை விடைத்து மோந்தான். பருத்தித் துணியும் பஞ்சும் எரிகிற வாடைதான் வந்தது.

திரும்பிவந்து குளித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கார் போய்விட்டது. எதிர்வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வந்திருந்தன. முனியம்மாள் வெளியே பந்திப்பாய் விரித்து, அழுதுகொண்டே எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ சேட்டு, அவன் இருந்தா உடுவானா?” என்று அவள் குரல் உள்ளே கேட்டது.

வீட்டுக்குள் எல்லப்பன் படுக்கிற மூலை வெறுமையாக இருந்தது. பாய் கிடந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. ஆல்வின் அந்த மூலையில் ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் எக்கிக் கையை விட்டான்.

“காத்தால இருந்து இன்னாடா தேடற?”

அம்மா. கதவுக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருந்ததே அவனுக்குத் தெரியாது. கையை மெதுவாக வெளியே எடுத்தான்.

“ஒண்ணுல்லமா.”

“அந்த மாத்திரயா?”

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

“அது கெடைக்காது,” என்றாள் பாக்கியமேரி. “அட்டைய நான் அடுப்புல போட்டுட்டேன். முழுங்கி முடிச்சதும்.”

“யாரு... முழுங்கினது?”

“நான்தான்.”

அவள் குரல் காலையிலிருந்து பேசாததால் துருப்பிடித்திருந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு ஒரு மாசமா நெஞ்சு சளி இல்ல? ராவெல்லாம் இருமிக்கினு கெடந்தேன். ஒனக்கெங்க தெரியும், நீ காதுல ஒயர மாட்டிக்கினு தூங்கற. அன்னிக்கி உங்க நைனா, ‘எனக்கு ஊசியே போட்டுட்டாங்க, இது உனக்கு, சளிக்குன்னு பையன் வாங்கியாந்தான்’னு குடுத்தாரு. காத்தால ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அவரே சொம்புல தண்ணி மொண்டாந்து, கிட்டயே குந்திக்கினு இருப்பாரு நான் முழுங்கற வரைக்கும். என்னிக்கும் இல்லாத அக்கறயா கீதேன்னு நான் கூட...” நிறுத்தினாள். “கால் வீங்கனப்பதான் எனக்கு டவுட்டு வந்துச்சி. கேட்டேன். ‘அட, நம்ம வூடு ஸ்ட்ராங்கு புள்ள’ன்னு சிரிச்சாரு.”

ஆல்வின் சுவரில் சாய்ந்தான்.

“நான் அத்த முழுங்கனதாலயாடா?” என்றாள் அவள். “அவருக்கு வெச்ச மருந்த நான் தின்னுட்டனா?”

காலையிலிருந்து அவள் அந்தக் காலைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இல்லையம்மா, அவர் எப்படியும் அதை விழுங்கியிருக்க மாட்டார், நான் ஜேசிபி என்று சொல்லிவைத்தேன், அதற்குப் பயந்துபோய்த்தான் உன்னிடம் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சின்ன வாக்கியம். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எச்சில் விழுங்காமல் பேசியவன். வாயைத் திறந்தான்.

“அது அந்த மாத்திர இல்லமா,” என்றான். “அது சும்மா சத்து மாத்திர. பலத்துக்குக் குடுக்கறது. நைனா அத்தப் போட்டிருந்தாலும் இன்னா ஆயிடப் போவுது. ஒண்ணும் ஆயிருக்காது.”

பாக்கியமேரி அவன் முகத்தையே பார்த்தாள். விளக்குப் போடவில்லை என்றாலும் அவளுக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரிந்தது.

“சத்து மாத்திரயா?”

“ஆமா.”

“அப்ப என் சளி எப்டிடா நின்னுச்சி?”

வெளியே இலைகளை எடுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. முனியம்மாள் யாரையோ கை கழுவத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஆல்வின் பதிலுக்காகத் தரையைப் பார்த்தான். பாய் கிடந்த இடத்தின் விளிம்பில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

பாக்கியமேரி முந்தானையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். ஒருமுறை இருமினாள். சற்றுப் பொறுத்து இன்னொருமுறை இருமினாள். நெஞ்சில் ஒன்றும் இல்லாத இருமல். “இன்னும் நிக்கல போல கீது,” என்றாள்.

அவன் எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.